தேக்கத்தில் எஞ்சின் படகு ஓட்ட வருகிறவர்களுக்கு: வேகம், அலை, மரியாதை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் டேமைப் பார்த்துக்கொண்டே வளர்கிறோம், ஆனால் இறங்கினால் வீட்டில் அடி விழும். அப்படி வளர்ந்த தம்பிமார்தான் இப்போது காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள், நுவரெலியா கிரகரி வாவி என்று எஞ்சின் படகு ஓட்டும் வேலைக்கு வருகிறார்கள். ஸ்டார்ட் பண்ணுவது, கியர் போடுவது, வளைப்பது எல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். நம் படகு கடந்து போன பிறகு தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓடத் தொடங்குமுன்

தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு நாள் கரையிலேயே நில்லுங்கள். காசல்ரீ 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மஸ்கெலி ஓயாவை மறித்தது மவுஸ்ஸாகலை. இரண்டும் மின்சாரம் எடுக்கக் கட்டியவை. எனவே தண்ணீர் மட்டம் ஒரே இடத்தில் நிற்காது. மழைக்கு ஏறும், மின்சாரத்துக்கு இறங்கும். மவுஸ்ஸாகலையில் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் இருக்கிறது. வறட்சியில் மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடத்தில் எஞ்சிய சுவர்கள் வெளியே தெரியும். ஊர்ச்சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். படகு ஓட்டுகிறவன் அன்றைக்கு அவசியம் போக வேண்டும். எந்தச் சுவர் எந்தத் திசையில் இருக்கிறது, மரக்கட்டைகள் எங்கே நிற்கின்றன என்று போனில் படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே சுவர் ஓரடித் தண்ணீருக்குக் கீழே உங்கள் ப்ரொப்பெல்லருக்காகக் காத்திருக்கும்.

அனுமதி விஷயத்தில் அரைகுறையாக இருக்காதீர்கள். இந்தத் தேக்கங்கள் மின்சாரம் எடுக்கும் அரச நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவை. கொத்மலை, விக்டோரியா பக்கம் போனால் மகாவலி அதிகார சபையும் வரும். உங்கள் முதலாளியிடம் படகு ஓட அனுமதி இருக்கிறதா, எந்தப் பகுதி வரைக்கும் என்று கேளுங்கள், கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். அணைக்கட்டுப் பக்கமும் வான்கதவுப் பக்கமும் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. தென்மேல் பருவக்காற்று மழையில் வான் பாயும், கதவு திறக்கும். அந்த இழுப்புக்கு 40 குதிரைவலு எஞ்சின் ஒன்றுமே இல்லை.

அப்புறம் துறைக்குப் போய் மீன்பிடிக்கிற ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் வலைதான். பொழுது சாயும்போது வலையைப் போட்டுவிட்டு, விடிகிற நேரம் வந்து எடுப்பார்கள். திலாப்பியாவும் கெண்டை வகைகளும் விழும். யார் எந்த ஓடையில் போடுகிறார், எத்தனை மணிக்கு எடுக்கிறார், மிதவை என்ன என்று கேளுங்கள். அண்ணே என்று கேட்டால் யாரும் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். இந்த ஒரு தேநீர்ப் பேச்சு உங்களுக்கு ஆறு மாத அனுபவத்துக்குச் சமம்.

லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் போட்டு வார் இறுக்கியிருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்க வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

பாதி வேகம்தான் பொல்லாத வேகம்

நான் ஓட்டத் தொடங்கிய முதல் வருடம். சீசன் காலம், சிவனொளிபாதமலைக்குப் போய்விட்டு வந்த ஆறு பேரைக் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். ஓடை வாயில் ஒரு வள்ளம். ஒரு பெரியவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடியில் இழுத்து, ஒவ்வொரு மீனாகச் செவுளில் விரலை விட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மரியாதையாகத்தான் நடந்தேன் என்று நினைத்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன், கையை உயர்த்தினேன், தாண்டிப் போனேன். திரும்பி வரும்போது அவர் ஒரு பெயின்ட் டின்னால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். வள்ளத்துக்குள் அவர் இடுப்புத் துணி முழுக்க நனைந்திருந்தது. கழற்றி வைத்த மீனில் பாதி தண்ணீரோடு போய்விட்டது. நான் எஞ்சினை நிறுத்தி, என்ன ஐயா ஆச்சு என்று கேட்டேன். "நீ போயி கொஞ்ச நேரமாச்சு தம்பி. ஒன் அலை பொறகுதான் வந்துச்சு" என்றார். கோபப்படவில்லை. டின்னை மறுபடி தண்ணீருக்குள் விட்டார்.

அன்றைக்கு அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டையும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒன்று, அலை வந்து சேரும் நேரம். ஆழமான தண்ணீரில் படகுக்குப் பின்னால் ஆப்பு மாதிரி விரியும் அலை, படகு போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ 19 பாகைக் கோணத்தில்தான் விரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீற்றரில் போகிறீர்கள், வள்ளம் பக்கவாட்டில் 50 மீற்றரில் இருக்கிறது. அலை அதைத் தொடும்போது நீங்கள் 140 மீற்றர் முன்னால் இருப்பீர்கள். 25 விநாடி ஆகியிருக்கும். உங்கள் முகம் முன்னால் இருக்கும். நீங்கள் செய்ததை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். ஆகவே முதல் பழக்கம்: யாரையாவது தாண்டினால் அரை நிமிடம் கழித்து ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

இரண்டாவது, பாதி வேகம். படகுக்கு மூன்று நிலை உண்டு. மிக மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரை மெல்ல விலக்கிக்கொண்டு போகும், பின்னால் சின்னச் சுருக்கம்தான் தெரியும். நல்ல வேகத்தில் போகும்போது படகு மேலே எழும்பித் தண்ணீரின் முதுகில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் அமுங்கும், எஞ்சின் முக்கும், பின்னால் ஒரு பள்ளமும் அதன் பிறகு ஒரு மேடும் கிளம்பும். படகு தான் தோண்டிய குழியில் இருந்து தானே ஏற முயல்கிறது. பெரிய அலை உண்டாவது இந்த நிலையில்தான். 16 அடிப் படகுக்கு ஏறத்தாழ மணிக்கு 9, 10 கிலோமீற்றரில் இந்தக் கட்டம் தொடங்கிவிடும். வேகமாக வந்தவன் மரியாதைக்காகப் பாதி குறைத்தால் நேராக இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறான். நானும் அப்படித்தான் நின்றேன்.

அலையின் பலம் அதன் உயரத்தின் வர்க்கத்தோடு கூடும். 10 சென்ரிமீற்றர் அலையை விட 30 சென்ரிமீற்றர் அலைக்கு ஒன்பது மடங்கு பலம். ஒரு வள்ளத்தின் விளிம்பு தண்ணீரில் இருந்து சில வேளை ஒரு சாண்கூட இருக்காது, மீன் ஏறிவிட்டால் இன்னும் தாழும். எனவே மெதுவாகப் போவது என்றால் உண்மையில் மெதுவாக: ஒரு ஆள் வேகமாக நடக்கிற வேகம், மணிக்கு 5, 6 கிலோமீற்றர். கரையில் ஒருவர் உங்கள் கூடவே நடந்து வர முடிய வேண்டும். மூக்கு மட்டமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஸ்பீட் மீற்றரே தேவையில்லை.

மலையில் இதற்கு ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெல்லிசாகிறது, எஞ்சின் வலு குறைகிறது. 300 மீற்றருக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். காசல்ரீ 1,000 மீற்றருக்குச் சற்று மேல், ஆகவே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 1,800 மீற்றருக்கு மேலுள்ள கிரகரி வாவியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விடும். நீர்கொழும்பில் ஆறு பேரோடு சுகமாக எழும்பிய அதே படகும் அதே எஞ்சினும் இங்கே எழும்பாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டு தேக்கம் முழுக்க உழுதுகொண்டே போகும். ஓட்டுகிறவருக்கு அது வேகமாகத் தெரியாது, அதனால் தப்பாகவும் தெரியாது. படகு எழும்பவில்லை என்றால் இரண்டு பேரைக் குறையுங்கள், ஆட்களை முன்னால் நகர்த்தி உட்கார வையுங்கள், முதலாளியிடம் பிட்ச் குறைந்த, அதாவது ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் தள்ளுகிற, ப்ரொப்பெல்லர் கேளுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் முழுப் பயணத்தையும் நடை வேகத்திலேயே ஓட்டுங்கள். தேயிலை மலையைப் பார்க்க வந்தவர்களுக்கு அதுதான் நல்லதும்.

கையைப் பழக்க ஒரு மத்தியானம்

வலை எல்லாம் எடுத்து முடிந்த நேரம், காற்றில்லாத ஒரு வார நாள் மத்தியானம் பாருங்கள். மூடி இறுக்கிய ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலைக் கல் கட்டி மிதக்க விடுங்கள். தெரிந்த ஒருவரைக் கரையில் நிறுத்துங்கள். போத்தலில் இருந்து 50 மீற்றர் தள்ளி முதலில் நடை வேகத்தில் போங்கள், அப்புறம் பாதி வேகத்தில், அப்புறம் முழு வேகத்தில். ஒவ்வொரு தடவையும் போத்தல் எவ்வளவு குதிக்கிறது, கரைச் சேறு எவ்வளவு கலங்குகிறது என்று அவர் சொல்லட்டும். பாதி வேகத்தில் போத்தல் ஆடுகிற ஆட்டம் உங்களை யோசிக்க வைக்கும்.

நடை வேகம் எந்த இடத்தில் வருகிறதோ, அந்த இடத்தில் கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டுங்கள். ஆளில்லாமல் ஒரு தடவை, ஆறு பேரோடு ஒரு தடவை செய்யுங்கள். குறி மாறும். இரண்டு டேப் ஒட்டி வையுங்கள்.

வேகத்தைக் குறைப்பதையும் பழக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குறைத்தால் உங்கள் அலையே பின்னால் வந்து உங்கள் படகை ஏறும். பின்பலகை தாழ்வான படகாக இருந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அந்த அலை நின்றுவிடாது, உங்களைத் தாண்டி நேரே வள்ளத்துக்கும் போகும். 150 மீற்றருக்கு முன்னாலேயே குறைக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல இறக்கி, மூக்கு மட்டமான பிறகு மட்டும் பக்கத்தில் போங்கள். ரோட்டில் வளைவுக்கு முன்னாலேயே கியரை மாற்றுகிற பஸ் டிரைவர் மாதிரி.

வள்ளமும் வலையும்

வள்ளத்தைக் கண்டால் முதலில் செய்ய வேண்டியது விலகிப் போக வழி இருக்கிறதா என்று பார்ப்பது. அகலமான இடத்தில் 100, 150 மீற்றர் தள்ளிப் போக முடிந்தால் அப்படியே போய்விடுங்கள். வலை எடுத்துக்கொண்டிருப்பவர் நகர முடியாது. வலை அவர் மடியில் இருக்கிறது, துடுப்பு கீழே கிடக்கிறது. ஆகவே விலக வேண்டியவர் எப்போதும் நீங்கள்தான். கடலில் ஓடும் கப்பல்களுக்கான விதிகளிலும், வலை போட்டிருக்கும் படகுக்கு எஞ்சினில் ஓடும் படகு வழிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. 1972இல் உலக நாடுகள் சேர்ந்து ஒத்துக்கொண்ட விதி அது.

ஒடுங்கிய ஓடையாக இருந்து பக்கத்தில்தான் போக வேண்டும் என்றால், நடை வேகத்துக்கு வந்து, தூரத்திலேயே கையைத் தூக்கிக் காட்டுங்கள். அவர் நிமிர்ந்து பார்த்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கை காட்டும் வரை போகாதீர்கள். அவருக்குத் தெரியும் வலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று. சிங்களத்தில் "ஹெமின், ஹெமின்" என்று சத்தம் வந்தால் மெதுவாகப் போ என்று அர்த்தம். அது திட்டு இல்லை. தலையாட்டிவிட்டு இன்னும் குறையுங்கள்.

வலையைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். கடையில் வாங்கிய மிதவை எதுவும் இருக்காது. ரிஜிபோம் துண்டு, வெட்டிய ரப்பர் செருப்பு, சோடாப் போத்தல், இப்படித்தான் இருக்கும். பனி மூடிய காலையில் அதுவும் சரியாகத் தெரியாது. ஒரே ஒரு போத்தலைத் தனியாகக் கண்டால் குப்பை என்று நினைக்காதீர்கள், அடுத்த போத்தலைத் தேடுங்கள். இரண்டாவது கிடைத்தால் நடுவில் வலை இருக்கிறது. கோட்டின் நுனி வரை போய்ச் சுற்றி வாருங்கள். நடுவால் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வழுக்கிவிடலாம் என்ற ஆசை வேண்டாம்.

மீறிச் சிக்கிவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ரிவர்ஸ் போட்டால் இன்னும் சுற்றும். எஞ்சினைத் தூக்கி, கையால், நூல் நூலாகக் கழற்றுங்கள். பத்து நிமிடம் போகும், போகட்டும். ஏறி வந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். கத்தி கடைசி வழி.

கரையோரம்

கரையை ஒட்டி ஓடுவது படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் கரைதான் தேக்கத்தின் மென்மையான இடம். திலாப்பியா ஆண் மீன் ஆழமில்லாத தண்ணீரில் அடிமண்ணைக் கிண்டித் தட்டு மாதிரி வட்டக்குழி செய்து வைக்கும். தெளிந்த தண்ணீரில் மேலே இருந்து பார்த்தால் வரிசையாகத் தெரியும், மாக்கோலத்துப் புள்ளி மாதிரி. பெண் மீன் அங்கே முட்டை போட்டு, பிறகு அதை வாயிலேயே வைத்துக் காக்கும். உங்கள் அலை கரையில் மோதித் திரும்பும்போது செம்மண் கரைந்து அந்தக் குழிகளில் இறங்குகிறது. மட்டம் இறங்கிய காலத்தில் கரை முழுக்கப் புல்லில்லாத வெறும் மண், அப்போது ஒரே நாளில் எவ்வளவு கலங்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள். ஆகவே கரையில் இருந்து 50 மீற்றருக்குள் எப்போதும் நடை வேகம்.

தூண்டில் போடுகிறவர்கள் கரையில் நிற்பார்கள். நூல் 30, 40 மீற்றர் தண்ணீருக்குள் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தூண்டில்காரரைக் கண்டால் அவருக்கு முன்னால் போகாமல் வெளியே வளைந்து போங்கள். சில நேரம் எஞ்சின் சத்தத்தாலேயே அவருடைய ஒரு மணி நேரம் வீணாகிவிடும்.

குளிக்கவும் துணி துவைக்கவும் இறங்கும் இடங்களும் உண்டு. கொழுந்து எடுத்துவிட்டு வரும் அக்காமார் சாயங்காலம் இறங்குவார்கள், சின்னப் பிள்ளைகளும் கூட இருக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கிற பிள்ளையை ஒரு அலை நெஞ்சு வரை நனைத்துத் தள்ளிவிடும். அந்த இடங்களை விட்டு நன்றாக விலகிப் போங்கள். படகில் இருப்பவர்கள் கேமராவைத் தூக்கினால் தயங்காமல் தடுங்கள். "குளிக்கிற இடம், படம் எடுக்க வேண்டாம்" என்று பணிவாகச் சொன்னால் போதும். அங்கே நிற்பது நம் வீட்டு ஆட்கள்.

பாட்டுப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைக்கு நடுவில் தண்ணீர் மேல் சத்தம் மிக தூரம் போகும். ஸ்பீக்கர் வேண்டாம் என்பது என் கட்சி.

படகும் படகும்

ரோட்டில் நாம் இடப்பக்கம் போகிறோம், தண்ணீரில் வலப்பக்கம். ஓட்டோ ஓட்டிய கை தானாக இடப்பக்கம் ஒதுங்கும், இதைக் கவனமாக மாற்ற வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்குங்கள். குறுக்கே வந்தால் உங்களுக்கு வலப்பக்கத்தில் இருந்து வருபவருக்கு வழி விடுங்கள். முந்துகிறவர்தான் விலகிப் போக வேண்டும், முந்தப்படுகிறவர் தன் பாதையில் ஒரே சீராகப் போனால் போதும். துடுப்பு வலிக்கிறவருக்கும் கிரகரி வாவியில் அன்னப் படகு மிதிக்கிற குடும்பத்துக்கும் எப்போதும் நீங்கள் விலகுங்கள்.

இன்னொரு படகின் அலை உங்களை நோக்கி வந்தால் வேகத்தைக் குறைத்து, மூக்கை அலைக்குச் சற்றுச் சரிவாகத் திருப்பி ஏறவிடுங்கள். பக்கவாட்டில் வாங்காதீர்கள். ஆட்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்தவன் அலை எழுப்பினான் என்று நீங்களும் வட்டம் போட்டு அலை எழுப்பினால், இரண்டு பேருடைய அலையும் சேர்ந்து போய் அடிப்பது யாரோ ஒருவருடைய வள்ளத்தைத்தான். கரைக்கு வந்து, தேநீரோடு பேசுங்கள்.

தப்பு நடந்துவிட்டால்

நடக்கும். யாருடைய வள்ளத்திலாவது தண்ணீர் ஏறினால் முதலில் திரும்பிப் போங்கள், நடை வேகத்தில், காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக. இங்கே தண்ணீர் குளிர், நுவரெலியாவில் இன்னும் குளிர். கம்பளி பனியனும் கோட்டும் போட்டு விழுந்தவருக்குக் கை கால் சீக்கிரம் விறைக்கும். ஆள் தண்ணீரில் இருந்தால் பக்கத்தில் போனதும் எஞ்சினை முழுதாக நிறுத்துங்கள், நியூட்ரலை நம்பாதீர்கள். ஆளைத் தூக்கிய பிறகு மீனையும் வலையையும் பாருங்கள்.

வலை கிழிந்தால் கிழிந்த வலையைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு வராதீர்கள். ஆள் அங்கே இல்லை என்றாலும் துறையில் விசாரித்தால் யாருடையது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதலாளி தருவார் என்று காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். வலையின் விலை ஒரு பக்கம், புது வலை கட்டி முடிக்கும் வரை அவருக்குப் போகும் நாட்கள் இன்னொரு பக்கம், இரண்டையும் பேசி முடியுங்கள். ஒரே தடவையில் கொடுக்க முடியாவிட்டால் சம்பளத்தில் எத்தனை தவணை என்று சொல்லுங்கள்.

நான் அந்தப் பெரியவருக்கு மறுநாள் காலை மீனுக்கான காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதியை வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அப்புறம் படகில் ஏறி உட்கார்ந்து, ஓடை ஓடையாக எங்கெங்கே வலை கிடக்கும் என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். நான் நடை வேகத்தில் ஓட்டினேன். ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.